ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது

என்மேல் உங்களுக்கெல்லாம் வருத்தம் என்று தெரியும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலை நடைக்கு நான் எதிரே வந்தால் இரண்டு பேர் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிகிறீர்கள். குனியுங்கள். எனக்கு உங்கள்மேல் இருப்பது வருத்தம் இல்லை, கோபம். அதை மறைக்கிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

அன்று வராதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நம் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்தில் இளம் பெற்றோருக்குப் பெரியவர்களான நாம் குழந்தை வளர்ப்பு பற்றி யோசனை சொல்வதாக ஏற்பாடு. பச்சைக்குழந்தையில் தொடங்கி மீசை முளைக்கிற வயது வரை. ஆளாளுக்குச் சொன்னீர்கள். பிறந்த குழந்தைக்கு மூக்கை இழுத்துவிடு. தவழ்கிற குழந்தையைத் தூக்கித் தூக்கிப் பழக்காதே. பள்ளிக்கூடம் போகிற பையனுக்குச் செல்லம் கொடுக்காதே. வயதுக்கு வந்த பெண்ணிடம் சிரித்துப் பேசாதே. சாப்பிடாவிட்டால் பட்டினி போடு, பசித்தால் தானாக வரும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போது இரண்டாவது மாடியில் புதிதாகக் குடிவந்த திருநெல்வேலிப் பெண் எழுந்தாள். ஐ.டி.யில் வேலை பார்க்கிறவள். பக்கத்தில் அவள் பையன், கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு.

"இவனுக்கு ஏழு வயசு. ரெண்டு வருஷமா ஒண்ணும் இல்லாம இருந்தான். இப்ப ஒரு மாசமா திரும்பவும் படுக்கையை நனைக்கான். என்ன செய்யன்னே தெரியல" என்றாள்.

நம் சங்கச் செயலாளர் மைக்கை வாங்கினார். "சிம்பிள்மா. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தண்ணி காட்டாதீங்க. ஒரே வாரத்துல நின்னுடும்."

தண்ணி காட்டாதீங்க. மாட்டுக்குச் சொல்கிற வார்த்தை.

முன்வரிசையிலிருந்து ஒருவர் சேர்த்துக்கொண்டார். "நிக்கலன்னா முதுகுல ரெண்டு வைங்க. நாமெல்லாம் வாங்காத அடியா? நல்லா இல்லையா இப்ப?"

கூடமே சிரித்தது. அந்தப் பையன் தரையைப் பார்த்தான். நான் எழுந்துவிட்டேன். "தண்ணியை நிறுத்தாதேம்மா. நாளைக்குக் காலையில முதல் வேலையா டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி சர்க்கரை இருக்கான்னு பாரு" என்றேன். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவள் பயந்தது உண்மை. நான்தான் பயமுறுத்தினேன்.

சர்க்கரை இல்லை. நல்லதாயிற்று. மறுநாளே நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: "ஒண்ணும் இல்லையாம். வீணா பயமுறுத்திட்டாங்க." அதன் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக. அவள் என்னிடம் வந்து சொன்ன மீதியை நீங்கள் யாரும் கேட்கவில்லை. மருத்துவர் பையனைத் தனியாக உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். புதுப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போனால் பெரிய பையன்கள் கதவைத் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார்கள். பையன் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு வருகிறான். அடக்கி அடக்கி அந்தப் பழக்கமே கெட்டுப்போய், தூக்கத்தில் போய்விடுகிறது. இதற்குப் பெயர்தான் 'ஒண்ணும் இல்லை'யா?

செயலாளர் போன வாரம் என் வீட்டு மணியை அடித்தார். பொங்கல் மலருக்கு ஒரு பக்கம் வேண்டுமாம். "யாரையும் பயமுறுத்தாம, உங்க சின்ன வயசு ஞாபகமா, இனிமையா ஒண்ணு எழுதிக் குடுங்கம்மா" என்றார். ஞாபகம் எழுதுகிறேன். இனிமையா என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில். செங்கல் நிறத்தில் வரிசையாக ஒட்டிய வீடுகள். வரிசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாயடி. சங்கு ஊதினால் சைக்கிள்கள் ஆறுபோலக் கிளம்பும். மறுபடி ஊதினால் ஆறு திரும்பி வரும். அப்பா ஃபிட்டர். அவர் சட்டையில் எப்போதும் இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த வாசனை இருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இனி அவரைப் பற்றி நல்லதாக அதிகம் சொல்லப்போவதில்லை.

அப்பாவும் அம்மாவும் செய்யாறு பக்கத்திலிருந்து வந்தவர்கள். உறவுக்காரர்கள் யாரும் அருகில் இல்லை. அதனால் எதற்கும் வரிசையில் இருப்பவர்களைக் கேட்டார்கள். குழந்தைக்கு மாந்தமா, மொட்டை எப்போது அடிப்பது, எந்தப் பள்ளிக்கூடம், எல்லாமே குழாயடியில் முடிவாகும். வரிசையில் கடைசி வார்த்தை கடைசி வீட்டு மாமாவுடையது. ஃபாக்டரியில் அப்பாவுக்கு மேலே சார்ஜ்மேன். சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அவருக்கு மூன்று பையன்கள். அவர் தொண்டையைச் செருமினால் மூன்று பேரும் எழுந்து நிற்பார்கள். "புள்ளைங்கன்னா இப்படி இருக்கணும்" என்று அப்பா அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் சொல்வார். அந்த மூன்று பேரில் ஒருவன்கூட அப்பன் வீட்டில் இருக்கும்போது சிரித்து நான் பார்த்ததில்லை. அதையும் வளர்ப்பின் சிறப்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். பத்து வயது அப்போது. ஓட்டத்தில் அவனை யாரும் பிடிக்க முடியாது. அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, பின்னால் என்னையும் உட்காரவைத்து, ரயில்வே கேட் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவான்.

முழுப்பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட சமயம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்கிற வெயில். ஒரு நாள் காலையில் அண்ணன் பாயைச் சுருட்டி மடித்து ஒளிக்கப் பார்த்தான். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். மறுநாளும் நனைந்திருந்தது. அதற்கடுத்த நாளும். மூன்று வயதிலேயே அந்தப் பழக்கத்தை விட்டவன்.

அம்மா குழாயடியில் யாரிடமோ மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் அது கடைசி வீட்டுக்குப் போய்விட்டது. மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வயசு பத்தாச்சு. இது நோய் இல்ல தம்பி, கொழுப்பு. எழுந்து போகச் சோம்பேறித்தனம்" என்றார் அப்பாவிடம். "பாயை வீட்டுக்குப் பின்னால காயப்போடாத. முன்னால போடு. அவனே தூக்கிட்டு வந்து போடணும், நாலு பேர் பாக்கணும். அப்புறம், அஞ்சு மணிக்கு மேல தண்ணி கிடையாது. சொட்டுத் தண்ணி கிடையாது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

"சரிண்ணே" என்றார் அப்பா.

உள்ளே கதவோரம் நின்ற அண்ணன் கேட்டுக்கொண்டிருந்தான். "அப்பா, எனக்கு ரொம்பத் தாகமா இருக்குப்பா. அதனாலதான் குடிக்கிறேன்" என்றான்.

"தாகம் எல்லாருக்குந்தான் இருக்கு. வெயில் காலம்" என்றார் அப்பா.

அந்தக் கோரைப்பாய் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பச்சையும் சிவப்பும் கரை போட்ட பாய். அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் வாசலுக்கு வருவான். எதிர்வரிசைப் பிள்ளைகள் காத்திருந்து பாட்டு கட்டுவார்கள். அவன் பாயை முள்வேலிமேல் விரிப்பான், நுனியை இழுத்து நேராக்குவான், உள்ளே வருவான். அழமாட்டான். அழாததும் குற்றமாயிற்று. "பாரு, சூடு சொரணை இல்ல" என்றார்கள்.

அம்மா தண்ணீர்ப் பானையை மூடி, மூடியின்மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். எடுத்தால் சத்தம் கேட்கும். குழாயில் சாயங்காலம் தண்ணீர் வராது. அவன் சமையலறை வாசலில் உட்கார்ந்து அந்தப் பானையையே பார்ப்பான். மண்பானை வேர்த்து வெளிப்பக்கம் நீர் கோத்திருக்கும். அம்மா திரும்பியிருக்கிற நேரம் பார்த்து உள்ளங்கையை அதன்மேல் வைத்து எடுத்து நக்குவான்.

என்னிடம் சொப்புச் சாமான் இருந்தது. பித்தளையில் குட்டிக் குடம், குட்டிச் சட்டி, குட்டித் தவலை. திருவேற்காடு கோயில் திருவிழாவில் வாங்கியது. அவற்றில் மத்தியானமே தண்ணீர் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் மண்ணைத் தோண்டி, மேலே இலை போட்டு வைத்துவிடுவேன். பொழுது சாய்ந்ததும் விளையாட்டுபோல அவன் வந்து உட்காருவான். ஒவ்வொன்றும் ஒரு வாய் கொள்ளும். எல்லாவற்றையும் குடித்துவிட்டு, குட்டித் தவலையைத் தலைகீழாகக் கவிழ்த்து நாக்கில் தட்டுவான்.

"இன்னொண்ணு இல்லியா?"

"இல்லடா."

"நாக்கு ஒட்டுது பாரு" என்று வாயைத் திறந்து காட்டுவான். நாக்கு வெள்ளையாக, வெடித்த களிமண்போல இருக்கும். எட்டு வயதுக்காரி நான் பார்த்தேன். வீட்டில் பெரியவர்கள் யாரும் அந்த வாயைத் திறந்து பார்க்கவில்லை.

கடைசி வீட்டு மாமா தன் கொல்லைக் கதவிலிருந்து பார்த்துவிட்டார். என் சொப்புகளை வேட்டி மடிப்பில் அள்ளிக்கொண்டு வந்து அப்பா முன்னால் கொட்டினார். "உன் பொண்ணும் கூட்டுக் களவாணி" என்றார். சொப்புகள் பரணில் ஏறின. குவார்ட்டர்ஸைக் காலிசெய்து வந்தபோது தேடினேன், கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எறும்பு வந்தது.

முதலில் பாயில். பிறகு அவன் கழற்றிப்போட்ட காக்கி நிக்கரில். கொல்லையில் அவன் ஒதுங்குகிற இடத்தில் சாரை சாரையாக. அம்மா நிக்கரை உதறினாள். கருப்பெறும்புகள் சிதறின. அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: ரேஷன் சர்க்கரை. அப்போதெல்லாம் சர்க்கரை அளந்து வருவது. டப்பாவை அவள் ஒளித்து வைத்திருப்பாள். போய்ப் பார்த்தாள். குறைந்ததுபோலத் தெரிந்தது. தேடினால் எதுவும் குறைந்ததுபோலத்தான் தெரியும்.

"சர்க்கரை திருடித் தின்னியாடா?"

"இல்லம்மா."

"அப்ப எறும்பு எங்கேருந்து வருது? பாயில படுத்துக்கிட்டு தின்னியா?"

"சத்தியமா இல்லம்மா."

திருட்டோடு பொய்யும் சேர்ந்தது. அப்பா அன்றுதான் முதல்முறையாக பெல்ட்டை எடுத்தார். அகலமான தோல் பெல்ட். அவன் ஓடவில்லை. ஓடுகிற தெம்பு போய்விட்டிருந்தது. முன்பெல்லாம் அடிக்கக் கை ஓங்கினால் ரயில்வே கேட்டில் போய் நிற்கிறவன், அன்று சுவரில் சாய்ந்து நின்று வாங்கினான். நிக்கர் இடுப்பில் நிற்காமல் ஊக்குக் குத்தியிருந்தான். அந்த ஊக்கு வளைந்துவிட்டது. பையன் ஏன் இப்படி இளைத்துப்போனான் என்று வரிசையில் இருந்தவர்கள் கேட்காமல் இல்லை. கேட்டுவிட்டு அதற்கும் ஒரு யோசனை சொன்னார்கள். வயிற்றில் பூச்சி, வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடு. திருஷ்டி, உப்புமிளகாய் சுற்றிப்போடு. யோசனைக்குப் பஞ்சமே இல்லை.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது நீலத் தண்ணீர்.

அம்மா வெள்ளைத்துணிக்கு நீலம் கரைத்து வாளியில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து சைக்கிளை நிறுத்துகிறார். அண்ணன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான். "என்னடா, லீவுன்னா பாடம் எடுத்துப் படிக்கக் கூடாதா" என்று அப்பா கேட்க, அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு நீலம். பல்லிடுக்கு நீலம். மோவாயில் இரண்டு நீலக்கோடு வழிந்து காய்ந்திருந்தது.

துணி நனைக்கிற தண்ணீரைக் குடிக்கிற அளவுக்கு ஒரு பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று ஒரு மனிதனுக்குத் தோன்ற வேண்டாமா? அப்பாவுக்குத் தோன்றியது, தான் சொன்ன சொல்லை மீறிவிட்டான் என்பது மட்டும். கடைசி வீட்டு வாசலில் மாமா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்பதால்தான் அப்பா அத்தனை அடித்தார் என்று நான் நினைக்கிறேன். வீட்டுக்குள் இழுத்துப்போய் அடித்திருந்தால் சீக்கிரம் நிறுத்தியிருப்பார். வாசலில் வைத்து அடித்தார். வரிசை முழுக்க வாசல்களில் நின்றது. ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் வந்து கையைப் பிடிக்கவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவர்களுக்கு ஒரு பழமொழி இருந்தது. அடித்த கையை நான் பார்த்தேன். அணைத்ததை அந்த வெயில் காலத்தில் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் அவன் வாந்தி எடுத்தான். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தான். மூச்சு விடுவது மாறிவிட்டது. நெடுந்தூரம் ஓடி வந்தவன்போல ஆழமாக இழுத்து இழுத்து விட்டான். வாயில் அழுகிய வாழைப்பழ வாசனை. "நடிப்பு" என்றார் மாமா வாசலிலிருந்தே. "ஸ்கூல் திறக்கப் போவுதுல்ல, அதான்." மத்தியானம் அம்மா கூப்பிட்டாள், அவன் கண்ணைத் திறக்கவில்லை. தட்டினாள், திறக்கவில்லை. அப்பா வேலையில் இருந்தார். அம்மா யாரிடமும் யோசனை கேட்காமல் செய்த முதல் காரியம் அதுதான். பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். திருப்பத்தில் ஒரு ரிக்‌ஷாக்காரர் நிழலில் படுத்திருந்தார். எழுந்து பார்த்தார்.

"இன்னாம்மா, புள்ள கண்ணு சொருவிகினு கீது? ஏறு, ஏறு. பாப்பா, நீயும் ஏறு" என்று மிதித்தார்.

ஃபாக்டரி ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கண்ணாடி போட்ட, ஒல்லியான அம்மாள். அண்ணனின் வாய்க்கருகே குனிந்து முகர்ந்தார். சட்டென்று நிமிர்ந்து நர்ஸிடம் ஏதோ சொன்னார். எல்லோரும் ஓடினார்கள். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"கொஞ்ச நாளா தண்ணி நிறையக் கேட்டானா?"

நான்தான் சொன்னேன். "கேட்டான். குடுக்கல."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடமே கேட்டார். "ஒண்ணுக்குப் போன இடத்துல எறும்பு வந்துச்சா?"

அம்மா நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். ஆனாலும் சத்தம் வெளியே வந்தது. அந்தச் சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸில் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் பிழைத்தான். குழந்தைகளுக்கும் சர்க்கரை நோய் வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. உடம்பு சர்க்கரையை வைத்துக்கொள்ள முடியாமல் சிறுநீரில் தள்ளுகிறது, அதற்காகத்தான் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறது என்று டாக்டரம்மா அம்மாவுக்குப் பொறுமையாகச் சொன்னார். தெரியாததற்கு நான் யாரையும் திட்டவில்லை. ஃபிட்டருக்கும் அவர் மனைவிக்கும் அது எப்படித் தெரியும்? கேட்காததற்குத்தான் திட்டுகிறேன். பிள்ளை வாயைத் திறந்து தினமும் சொன்னான். காது இருந்தது எல்லோருக்கும்.

வீட்டுக்கு வந்த மறுவாரம் கடைசி வீட்டு மாமா பார்க்க வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம். நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

"பாத்தியா தம்பி, கண்டிச்சதாலதான் உள்ள இருந்த நோய் சட்டுனு வெளிய வந்துச்சு. இல்லாட்டி உள்ளயே இருந்திருக்கும்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அப்போதும் ஆட்டினார். "இனிமே நோயைக் காட்டி சலுகை கேப்பான். இடம் குடுத்துடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்தார். "ஏம்மா, கொஞ்சம் தண்ணி குடு. என்னா வெயில்."

அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அசையவில்லை.

"தண்ணி கேக்கறாரு பாரு" என்றார் அப்பா.

"இந்த வீட்டுல அவருக்குத் தண்ணி இல்ல" என்றாள் அம்மா.

குரலை உயர்த்தவில்லை. மாமாவுக்கு முதலில் புரியவில்லை, சிரித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். அப்பா எழுந்து, தானே தம்ளரை எடுக்கப் போனார். அம்மா வழிவிடவில்லை. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் குழாயடியில் பல மாதம் அம்மாவோடு ஒருத்தியும் பேசவில்லை. தாகம் என்றவருக்குத் தண்ணீர் மறுத்த பாவி என்றார்கள். ஒரு மாதம் முழுக்க ஒரு பிள்ளைக்கு மறுத்ததை அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அதற்குக் கண்டிப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அண்ணன் ஐம்பதைத் தொடவில்லை. இடையில் நன்றாகத்தான் வாழ்ந்தான். பட்டாபிராமில் புத்தகக்கடை வைத்தான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு மகளை வளர்த்தான். அந்தப் பெண் சின்ன வயதில் அவனிடம் ஒன்றைச் சொன்னால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பான். கடையில் ஆள் நின்றாலும் நிறுத்துவான். முதலில் கண் போயிற்று, பிறகு சிறுநீரகம். அன்று சில வாரம் முன்னால் கண்டுபிடித்திருந்தால் அதெல்லாம் நேர்ந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அது அந்த நோயின் வழி. ஆனால் அவன் முதுகில் குறுக்கே ஒரு தழும்பு இருந்தது. அது நோயின் வழி இல்லை.

நல்லாத்தானே இருக்கோம் என்கிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன். இருக்கிறவர்கள்தானே கூடத்தில் உட்கார்ந்து சொல்ல முடியும்? இல்லாதவன் எப்படி எழுந்து நின்று சொல்வான்?

இன்னும் ஒரு சாயங்காலத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்குப் பதினாறு வயது. தினமும் ஊசி. கண்ணாடி ஊசிக்குழாயைக் கிண்ணத்தில் கொதிக்கவைத்து எடுக்க வேண்டும். வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. இன்சுலின் புட்டியை ஈரமணல் போட்ட சட்டியில் வைத்திருப்போம். அம்மா போடுவாள், இல்லையென்றால் நான் போடுவேன். அப்பாவும் கற்றுக்கொண்டிருந்தார். ஆரஞ்சுப் பழத்தில் குத்திக் குத்திப் பழகி, எங்களைவிட வலிக்காமல் போடுகிற அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு நாளும் அண்ணன் அவரிடம் கையை நீட்டவில்லை.

அன்று அம்மாவுக்குக் காய்ச்சல். நான் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைகிறேன். அப்பா ஊசியில் மருந்தை ஏற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிரே நின்றான்.

"வாடா, நேரமாச்சு" என்றார் அப்பா.

"தங்கச்சி வந்துட்டா. அவ போடுவா."

"ஏன், நான் போட்டா என்ன? எத்தனை வருஷம்டா இப்படி? நான் என்ன உனக்கு எதிரியா?"

அண்ணன், சண்டைக்கு நிற்கிற குரலில் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனைப்போலக் கேட்டான். "அன்னைக்கு எனக்கு ஏம்ப்பா தண்ணி குடுக்கல?"

"எல்லாரும் சொன்னாங்கடா" என்றார் அப்பா.

"நானும் சொன்னேனேப்பா" என்றான் அண்ணன்.

அவன் ஊசியை அப்பா கையிலிருந்து மெதுவாக வாங்கி என்னிடம் கொடுத்தான். சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். நான் போட்டேன். அப்பா அந்தப் பஞ்சை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிட் எல்லாம் ஆவியாகி, பஞ்சு காய்ந்த பிறகும் கீழே வைக்கவில்லை.